நாள் குறித்துச் செய்யும் சிசேரியன்: மகப்பேறு மருத்துவர் பதில்

கேள்வி: என் மனைவிக்கு இது முதல் பிரசவம். இப்போது 35 வாரம். தாயும் சேயும் நலம், குழந்தையின் தலை கீழ்நோக்கி இருக்கிறது, சுகப்பிரசவத்துக்கே வாய்ப்பு என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பிரசவத் தேதியை ஒட்டி மூல நட்சத்திரம் வருகிறது என்பதால், என் அம்மா ஜோதிடரைப் பார்த்து வேறு நாள் குறித்து வந்திருக்கிறார். அது 37 வாரம் முடிந்த மறுநாள், விடியற்காலை 4.45-இலிருந்து 5.45-க்குள். மருத்துவமனையில் கேட்டபோது, ‘குடும்பத்தார் விரும்பினால் செய்துவிடலாம்’ என்று சொல்லி அறையையும் பதிவு செய்துகொண்டார்கள். மனைவிக்கு இதில் விருப்பமில்லை. யாரிடமும் சொல்லாமல் அழுகிறாள். நான் பொறியாளர். எனக்கு ஜாதகத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் மூல நட்சத்திரம் என்ற ஒரே காரணத்தால் என் சித்தியின் திருமணம் பல ஆண்டுகள் தள்ளிப்போனதைக் கண்ணால் பார்த்தவர் அம்மா. நாளை குழந்தைக்கு ஏதாவது ஒன்று என்றால், ‘அன்றைக்கே சொன்னேனே, கேட்டாயா?’ என்ற பேச்சு வரும். அதற்குத்தான் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், நாமக்கல் மாவட்டம்

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், காரணங்களைப் பிறகு பேசலாம். அந்த அறுவை சிகிச்சை வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்கள் மனைவிக்கு இப்போது சிசேரியன் செய்வதற்கு மருத்துவக் காரணம் ஒன்றுமே இல்லை. 37 வாரத்தில் செய்வதற்குச் சுத்தமாக இல்லை.

‘37 வாரம் முடிந்துவிட்டால் குறைமாதம் இல்லையே’ என்று உங்கள் வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். ஒரு காலத்தில் மருத்துவர்களாகிய நாங்களும் 37 முதல் 42 வாரம் வரை எல்லாவற்றையும் ஒரே கணக்கில்தான் எழுதிவந்தோம். 2013-இல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் அதைப் பிரித்தது. 39 வாரம் நிறைந்த பிறகு பிறந்தால்தான் முழு மாதம். 37, 38 வாரங்களில் பிறப்பது முழு மாதத்துக்கு முந்தைய கட்டம். பெயரை மாற்றியதற்குக் காரணம் இருந்தது. 2009-இல் அமெரிக்காவின் 19 மருத்துவ மையங்களின் பதிவுகளைக் கொண்டு ஓர் ஆய்வு வெளியானது. ஏற்கெனவே சிசேரியன் ஆகி, வலி வருவதற்கு முன் நாள் குறித்து மீண்டும் சிசேரியன் செய்துகொண்ட பெண்களைப் பற்றியது அது. 39 வாரத்தில் எடுத்த குழந்தைகளோடு ஒப்பிட்டால், 37 வாரத்தில் எடுத்த குழந்தைகளுக்கு மூச்சுக்கோளாறு, தொற்று, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கை போன்ற சிக்கல்கள் ஏறக்குறைய இரு மடங்காக இருந்தன. 38 வாரத்தில் ஒன்றரை மடங்கு. ஒவ்வொரு வாரமும் எவ்வளவு முக்கியம் என்பது இதிலேயே தெரியும்.

ஏன் இப்படி? வயிற்றுக்குள் இருக்கும் குழந்தையின் நுரையீரலில் காற்று இல்லை, திரவம்தான் நிறைந்திருக்கிறது. பிரசவ வலி எடுக்கும்போது தாயின் உடலிலும் சேயின் உடலிலும் சில ஹார்மோன்கள் பெருகுகின்றன. அதுவரை திரவத்தைச் சுரந்துகொண்டிருந்த நுரையீரல், அதை உறிஞ்சிக்கொள்ள ஆரம்பிக்கிறது. முதல் மூச்சுக்கான ஆயத்தம் இது. வலியே வராமல், அதுவும் 37 வாரத்தில், வயிற்றைக் கீறி எடுக்கும் குழந்தைக்கு இந்த ஆயத்தம் நடந்திருக்காது. நுரையீரல் மட்டுமல்ல. 35 வாரத்தில் குழந்தையின் மூளை, 39, 40 வாரத்தில் இருக்கப்போகும் எடையில் மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கும். உங்கள் குழந்தை இன்று அந்தக் கட்டத்தில் இருக்கிறது. தோலுக்கடியில் கொழுப்பு சேர்வது, தாயிடமிருந்து நோய் எதிர்ப்புப் பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாக வந்து சேர்வது, உறிஞ்சவும் விழுங்கவும் மூச்சுவிடவும் ஒரே நேரத்தில் பழகுவது எல்லாம் பெரும்பாலும் இந்தக் கடைசி வாரங்களில்தான் நடக்கின்றன.

இன்னொன்றையும் பாருங்கள். அந்த ‘37 வாரம்’ என்ற எண்ணே துல்லியமானதல்ல. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் என்று கணக்குப் போடுகிறோம். மூன்றாம் மாத ஸ்கேனை வைத்துச் சரிபார்க்கிறோம். அந்த ஸ்கேனிலும் ஐந்து முதல் ஏழு நாள் முன்பின் ஆகலாம். ஆகவே ஏட்டில் 37 வாரம் ஒரு நாள் என்று எழுதியிருக்கும் குழந்தை, உண்மையில் 36 வாரக் குழந்தையாகவே இருக்கலாம். ‘நுரையீரல் முதிர ஊசி போட்டுவிடுவார்கள்’ என்று யாராவது தேற்றினால், அந்த ஊசி முன்கூட்டியே பிரசவம் நடந்தே தீரவேண்டிய தாய்மாருக்கானது என்று சொல்லுங்கள். நல்ல நேரத்துக்காகப் போடுவதற்கு அது இல்லை.

இப்படிப் பிறந்த குழந்தை எப்படி இருக்கும் என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பிறந்தவுடன் அழும், எடை 2.7 கிலோ என்பார்கள். வெளியே இனிப்பு கொடுக்க ஆரம்பித்திருப்பார்கள். அரை மணி, ஒரு மணி நேரத்தில் மூக்கு விடைக்கத் தொடங்கும். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளே குழியும். நிமிடத்துக்கு 60 வரை இருக்க வேண்டிய மூச்சு 80, 90 என்று ஓடும். மூச்சை வெளியே விடும்போது முனகல் போல ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டவுடன் குழந்தை மருத்துவர் யாரிடமும் பேசிக்கொண்டிருக்க மாட்டார், நேரே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போவார். மூக்கில் குழாய், காலில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பட்டை, கையில் குளுக்கோஸ். பெரும்பாலான குழந்தைகள் இரண்டு மூன்று நாளில் தேறிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. ஆனால் அந்த நாள்களில் தாய் தையல் வலியோடு வேறொரு மாடியில், மார்பில் பால் கட்டி, பக்கத்துப் படுக்கைக் குழந்தையின் அழுகையைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பாள். நல்ல நேரத்தில் பிறந்த குழந்தைக்கு வாழ்க்கையின் முதல் அனுபவம் இப்படி அமைவதை நான் மனதார வெறுக்கிறேன்.

விடியற்காலை 4.45 என்று குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். அவசரம் எந்த நேரத்தில் வந்தாலும் நாங்கள் ஆபரேஷன் செய்கிறோம், செய்தே ஆகவேண்டும். ஆனால் அவசரமே இல்லாத ஓர் அறுவை சிகிச்சையை, மயக்க மருந்து நிபுணர், குழந்தை மருத்துவர், இரத்த வங்கி, செவிலியர் எல்லோரும் முழு எண்ணிக்கையில் இருக்கும் பகல் வேளையில் செய்வதுதான் முறை. இரவுப் பணி முடியும் தறுவாயில், ‘5.45-க்குள் எடுத்துவிடுங்கள் டாக்டர்’ என்று கதவுக்கு வெளியே குடும்பமே நிற்க, உள்ளே எல்லோரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு செய்யும் அறுவையை எந்த அறுவை மருத்துவரும் விரும்பமாட்டார். முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகக் காத்திருக்க வேண்டும். வயிற்றைக் கீறியபின் குழந்தையை எடுக்கச் சில நிமிடங்கள் போதும், சிலருக்குக் கூடுதலாகும். எந்த இடத்திலும் நிதானம் குலையக் கூடாது. கடிகாரம் அந்த நிதானத்தைக் குலைக்கிறது.

உங்கள் மனைவியின் உடலைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை, கவனித்தீர்களா? முதல் பிரசவம் சிசேரியன் என்றால் அடுத்த பிரசவமும் பெரும்பாலும் அதையே பின்தொடரும். கருப்பையில் தழும்பு இருக்கும் பெண்ணுக்கு, அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி அந்தத் தழும்பின் மேலேயே வேர்விட்டு ஒட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. சிசேரியன்களின் எண்ணிக்கை கூடக் கூட அந்த ஆபத்தும் கூடும். பிரசவத்தில் மிக அதிகமாக இரத்தம் போகும் நிலைகளில் அது ஒன்று. உயிரைக் காப்பாற்றக் கருப்பையையே அகற்ற நேரிடுவதும் உண்டு. தேவைப்படும்போது சிசேரியனைப் போல உயிர் காப்பது வேறில்லை. அதைச் செய்துதான் நான் என் தொழிலையே நடத்துகிறேன். ஆனால் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்திய அளவில் 21.5 விழுக்காடாக இருந்த சிசேரியன், தமிழ்நாட்டில் 44.9 விழுக்காடு, இங்குள்ள தனியார் மருத்துவமனைகளில் 63.8. இதற்குப் பல காரணங்கள் உண்டு. தேவையே இல்லாமல் நாள் குறிப்பது, அந்தக் காரணங்களில் நாம் நினைத்தால் நாளைக்கே நிறுத்திவிடக்கூடிய ஒன்று.

இனி நட்சத்திரத்துக்கு வருகிறேன். நான் ஜோதிடம் படித்தவளல்ல. ஆனால் நாள் குறித்து வரும் குடும்பங்களோடு பேசிப் பேசிச் சில விஷயங்கள் தெரிந்திருக்கின்றன. சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். மூலம் 27 நாளுக்கு ஒரு முறை வரும். உங்கள் வீட்டில் பிரசவத் தேதியை ஒட்டி மூலம் வருகிறது என்று பயப்படுகிறார்கள். பிரசவத் தேதியன்றே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நான்கைந்துதான். மற்றவை முன்னும் பின்னுமாகப் பிறக்கின்றன. ஆக, வலி தானாக வரட்டும் என்று விட்டாலும் அந்த ஒரு நாளில் பிறக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. அன்றே பிறந்தாலும் ஆணா பெண்ணா என்பது யாருக்கும் தெரியாது. ‘ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்’ என்பவர்களின் கணக்குப்படியே, பிறக்கும் குழந்தை பெண்ணாக இருந்தால்தானே பயம்? இவ்வளவு சிறிய ஒரு சாத்தியத்தைத் தவிர்க்க, நன்றாகத் தெரிந்த ஓர் ஆபத்தைக் குழந்தையின் தலையில் வைக்கிறோம்.

பஞ்சாங்கங்களுக்குள்ளும் ஒற்றுமை இல்லை. திருக்கணிதப்படி சனி 2025 மார்ச் இறுதியிலேயே மீனத்துக்குப் பெயர்ந்துவிட்டது. வாக்கியப் பஞ்சாங்கப்படி 2026 மார்ச் வரை கும்பத்திலேயே இருந்தது. ஒரே கிரகம், ஏறக்குறைய ஓராண்டு வித்தியாசம். இவற்றில் எந்தப் பஞ்சாங்கத்தை வைத்து உங்கள் ஜோதிடர் அந்த ஒரு மணி நேரத்தைக் குறித்தார் என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். பிறந்த நேரம் என்பது தலை வெளியே வந்த நேரமா, தொப்புள்கொடியை வெட்டிய நேரமா, முதல் அழுகையா என்றும் கேளுங்கள். சண்டைக்காக வேண்டாம். அம்மாவே யோசித்துப் பார்க்கட்டும் என்பதற்காகக் கேளுங்கள்.

ஆனால் இந்த வாதங்களால் மட்டும் அம்மாவின் மனம் மாறாது. ஏனென்றால் அவர் பயப்படுவது வானத்தைப் பார்த்தல்ல, ஊரைப் பார்த்து. உங்கள் சித்தியை எத்தனை வீட்டார் பெண் பார்த்துவிட்டு, ஜாதகத்தைக் கேட்டதும் பதில் சொல்லாமல் போயிருப்பார்கள்! மூலம் என்றால் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யம் என்றால் மாமியாருக்கு ஆகாது, கேட்டை என்றால் மூத்த மைத்துனருக்கு ஆகாது என்று பெண்ணின் நட்சத்திரத்துக்கு மட்டும் இவ்வளவு பழி. தன் பேத்திக்கு அந்த நிலை வந்துவிடக் கூடாது என்று ஒரு பாட்டி நினைப்பதை மூடத்தனம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அது அன்பிலிருந்து வருகிறது. ஆனால் சித்தியின் ஆண்டுகளை வீணாக்கியது நட்சத்திரமல்ல, மனிதர்கள், மாப்பிள்ளை வீட்டார். அந்த வேறுபாட்டை அம்மாவிடம் சித்தியே பேசினால் எப்படி இருக்கும்? நீங்கள் பேசுவதைவிட அவர் சொல்வதற்கு எடை அதிகம்.

ஜப்பானில் இதேபோல ஒன்று நடந்தது. அங்கே 60 ஆண்டுகளுக்கு ஒரு முறை ‘நெருப்புக் குதிரை’ ஆண்டு வரும். அந்த ஆண்டில் பிறக்கும் பெண் கணவனின் உயிருக்கு ஆகாதவள் என்று நம்பிக்கை. 1966-இல் அந்த ஆண்டு வந்தபோது, முந்தைய ஆண்டு 18 லட்சத்துக்கு மேல் இருந்த பிறப்பு எண்ணிக்கை 13.6 லட்சமாக விழுந்தது. நான்கில் ஒரு பங்கு குறைவு. அடுத்த ஆண்டே மீண்டும் 19 லட்சத்தைத் தாண்டியது. படிப்பறிவிலும் தொழில் வளர்ச்சியிலும் உலகின் முன்வரிசையில் இருந்த நாடு அது. அத்தனை பெற்றோரும் அந்தக் கதையை உண்மை என்று நம்பியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. மற்றவர்கள் நம்புவார்கள், நாளை மகளுக்கு வரன் கிடைக்காது என்றே பலர் தள்ளிப்போட்டிருப்பார்கள்.

உங்கள் நிலையும் அதுதானே? ‘எனக்கு நம்பிக்கை கிடையாது, ஆனால்...’ என்று எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் நாள் குறித்த சீட்டோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் சொல்லும் வாக்கியம் இது. உண்மையாக நம்புகிறவர் வீட்டில் ஒருவர்தான் இருப்பார், சில நேரம் அவரும் இல்லை. மற்ற எல்லோரும் பழிச்சொல்லுக்குப் பயந்து தலையாட்டுகிறார்கள். ஆனால் தம்பி, பழி இரண்டு பக்கமும் உண்டு. நாளை அம்மா ‘சொன்னேனே’ என்பார் என்று பயப்படுகிறீர்கள். 37 வாரத்தில் எடுத்த குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தால், வாய் திறந்து ஒன்றும் கேட்காத உங்கள் மனைவி அதை எத்தனை வருடம் மனதில் வைத்திருப்பாள்? குழந்தைகளுக்குக் காய்ச்சல் வரும், விழுவார்கள், படிப்பில் ஒரு வருடம் பின்தங்குவார்கள். எந்த நேரத்தில் பிறந்தாலும் இவை வரும். ஒவ்வொன்றுக்கும் யாராவது ஒரு காரணம் சொல்வார்கள். அதையெல்லாம் இப்போதே அடைத்துவிட ஓர் ஆபரேஷனால் முடியாது.

யார் முடிவெடுப்பது என்பதிலும் உங்கள் வீட்டில் குழப்பம் இருக்கிறது. சுயநினைவோடு இருக்கும், வயதுவந்த பெண்ணின் உடலில் அறுவை செய்ய அவருடைய சம்மதம்தான் வேண்டும். 2008-இல் உச்ச நீதிமன்றம் சமீரா கோலி வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது. அந்த வழக்கில் மகள் மயக்கத்தில் இருந்தபோது அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கி அறுவை செய்திருந்தார்கள். அது செல்லாது என்றது நீதிமன்றம். பெற்ற தாயின் சம்மதமே போதாது என்றால், மாமியாரின் விருப்பத்தையும் கணவரின் கையெழுத்தையும் வைத்து எப்படிச் செய்ய முடியும்? ‘குடும்பத்தார் விரும்பினால் செய்துவிடலாம்’ என்று அந்த மருத்துவமனையில் சொன்னது தவறு. என் தொழிலைச் சேர்ந்தவர்கள் இவ்வளவு எளிதாக இதற்கு இசைவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. இன்று இரவே மனைவியிடம், ‘உனக்கு என்ன வேண்டும்?’ என்று கேளுங்கள். அவர் சொல்வதை அம்மாவிடம் நீங்கள் சொல்லுங்கள். அவரைச் சொல்லவைத்துவிட்டு நீங்கள் ஒதுங்கி நிற்காதீர்கள்.

வளைகாப்பு போட்டீர்களா, குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டீர்களா, குழந்தையைத் தொட்டிலில் போட நாள் பார்க்கப்போகிறீர்களா? எல்லாம் நன்றாகச் செய்யுங்கள். அவற்றில் ஒருவருக்கும் தீங்கில்லை, நிறைமாதப் பெண்ணுக்குச் சுற்றம் கூடி நிற்பது தெம்பும் தரும். பின்னாளில் மருத்துவக் காரணத்துக்காகவே சிசேரியன் என்று முடிவாகி, அது அவசரமில்லை, 39 வாரமும் நிறைந்துவிட்டது என்றால், அந்த வாரத்தில் மருத்துவருக்கு வசதியான பகல் வேளைகளில் ஒன்றை அம்மா தேர்ந்தெடுக்கட்டும். அதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை.

இதற்கு நேர் எதிரான நிலையைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும், ஏனென்றால் உயிர்கள் அங்கேதான் போகின்றன. வலியில் இருக்கும் பெண்ணுக்குக் குழந்தையின் இதயத்துடிப்பு இறங்குகிறது, உடனே எடுக்க வேண்டும் என்கிறோம்; ‘ராகுகாலம் முடியட்டுமே’ என்று கெஞ்சுகிறார்கள். ராகுகாலம் ஒன்றரை மணி நேரம். அவசரச் சிசேரியனில், முடிவெடுத்த 30 நிமிடத்துக்குள் குழந்தை வெளியே வந்துவிட வேண்டும் என்பது எங்கள் இலக்கு. ராகுகாலம் முடியக் காத்திருக்கும் இடைவெளியில் குழந்தையின் மூளைக்கு ஆக்சிஜன் இல்லாமல் போகலாம். அதேபோல, இரத்த அழுத்தம் ஏறிவிட்டது, நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது, குழந்தை வளரவில்லை என்பது போன்ற காரணங்களைச் சொல்லி 37 வாரத்திலோ அதற்கு முன்போ எடுக்க வேண்டும் என்று உங்கள் மருத்துவரே சொன்னால், நான் மேலே எழுதியதைக் காட்டித் தள்ளிப்போடாதீர்கள். அப்போது உள்ளே இருப்பதுதான் குழந்தைக்கு ஆபத்து.

இனிச் செய்ய வேண்டியவை. மூன்றாம் மாத ஸ்கேன் அறிக்கையை எடுத்துக்கொண்டு, மனைவியையும் அம்மாவையும் சேர்த்தே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அம்மா முன்னிலையில் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: ‘இவளுக்குச் சிசேரியன் செய்ய மருத்துவக் காரணம் என்ன?’, ‘39 வாரம் வரை காத்திருந்தால் என்ன ஆபத்து?’ பதிலைக் குறிப்பேட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். காரணம் எதுவும் இல்லை என்றால் அங்கேயே அந்தப் பதிவை ரத்து செய்துவிடுங்கள். மருத்துவர் தயங்கினால் வேறொரு மகப்பேறு மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக் கேட்க உங்களுக்கு இன்னும் போதுமான நாள் இருக்கிறது. மாவட்டத் தலைநகர் அரசு மருத்துவமனையிலும் கேட்கலாம்.

பிறகு காத்திருக்கும் நாள்களில் அசைவைக் கவனிக்கச் சொல்லுங்கள். குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தாலோ, பனிக்குடம் உடைந்து நீர் வந்தாலோ, இரத்தம் பட்டாலோ, கடுமையான தலைவலியோ கண் மங்கலோ இருந்தாலோ, நேரம் காலம் பார்க்காமல் கிளம்பிவிடுங்கள். வண்டி இல்லையென்றால் 108-ஐ அழையுங்கள்.